ஊர் வீட்டை விற்கும் முன்: சாமானை மொத்தமாகக் கொடுத்துவிடுவதா, பிரித்து விற்பதா?

ஊர் வீட்டை விற்பது என்று உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு முடிவுக்கு வரவே வருடக்கணக்காகிவிடுகிறது. முடிவானபின் பேச்செல்லாம் விலையைப் பற்றித்தான். சதுர அடி என்ன போகிறது, தரகருக்கு எவ்வளவு, வாங்குகிறவர் லோன் போடுகிறாரா, பணம் கையில் வைத்திருக்கிறாரா. உள்ளே இருக்கிற சாமானை என்ன செய்வது என்ற கேள்வி பத்திரப் பதிவுக்குத் தேதி குறித்தபின்தான் எழுகிறது. அதற்குள் எல்லோருக்கும் லீவு தீர்ந்திருக்கும். "எவனையாவது கூப்பிட்டு மொத்தமா அள்ளிட்டுப் போகச் சொல்லு" என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வதில் தப்பில்லை. சில குடும்பங்களுக்கு அதுதான் சரியான வழி. ஆனால் எந்தக் குடும்பத்துக்கு, எதையெல்லாம் எடுத்து வைத்தபின் என்பதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

நான் பேசுவது கும்பகோணம் பக்கத்து ஓட்டு வீட்டைப் பற்றி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளும் வீடு. எங்கள் வீட்டைக் காலி செய்தோம். சித்தி வீடும், அதே தெருவில் இன்னும் சில வீடுகளும் காலியானதைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். நகரத்து ஃபிளாட்டைக் காலி செய்கிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே பரணும் இல்லை, நெல் கொட்டி வைக்கும் பத்தாயமும் இல்லை.

பொதுவாக நான்கு வழி உண்டு. பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் குத்துமதிப்பாக ஒரு தொகை பேசி, வீட்டைத் துடைத்துக்கொண்டு போகச் சொல்வது முதல் வழி. பித்தளை பாத்திரக்கடைக்கு, மரம் மரக்கடைக்கு, இரும்பு காயலான் கடைக்கு என்று வகை பிரித்து விற்பது அடுத்தது. உறவுக்குள் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுவது மூன்றாவது. எதையும் தொடாமல் சாமானோடு வீட்டை விற்பது நான்காவது. எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோவதையும் சிலர் யோசிப்பார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லாரி வாடகையும் கொடுத்து, லிஃப்டில் நுழையாத பீரோவுக்குக் கூலியும் கொடுத்து, பிறகு அங்கேயே அதை விற்க முடியாமல் திண்டாடியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

எந்த வழியானாலும் காகிதம் முதலில்

வெளியாள் ஒருவர் உள்ளே நுழையும் முன் காகிதங்களைக் குடும்பத்தார் தங்கள் கையாலேயே பிரித்துவிட வேண்டும். மற்ற எதையும் வியாபாரியிடமோ வேலையாளிடமோ விடலாம், இதை விட முடியாது.

அப்பா தலைமுறையினர் காகிதத்தை ஒரே இடத்தில் வைத்ததில்லை. தாய்ப்பத்திரம் இரும்புப் பெட்டியில் இருக்கும். வீட்டு வரி ரசீது கம்பியில் குத்தித் தொங்கும். வங்கி டெபாசிட் ரசீது அம்மாவின் புடவை மடிப்பில் இருக்கும். எங்கள் கூடத்து அலமாரியில் பழைய பஞ்சாங்கங்களைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். பழைய பேப்பருக்குப் போக வேண்டிய கட்டு. அக்கா அதை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் ஒன்று விழுந்தது. அப்பா பெயரில் இரண்டு பங்குப் பத்திரங்களும் விழுந்தன. அப்பா அவற்றைப் பற்றி யாரிடமும் சொன்னதே இல்லை.

மூலப்பத்திரம் காணாமல் போனால் போலீசில் புகார், பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று என அலைய வேண்டும். வாங்குகிறவர் வங்கிக் கடன் போடுகிறார் என்றால் வங்கியின் வக்கீல் அசலைக் கேட்காமல் விடமாட்டார். அப்புறம் விலை பேசிய ஆளே நழுவிவிடுவார்.

பழைய பங்குப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்கப்படாத பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படுகின்றன. வாரிசுகள் உரிய சான்றுகளோடு விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். வங்கிக் கணக்கு 10 ஆண்டுகள் அசையாமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் அந்த வங்கியிடம் வாரிசு கேட்கலாம். இதைத் தேடுவதற்காகவே ரிசர்வ் வங்கி 2023இல் உத்கம் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பெயரும் வங்கியும், கூடவே பான் எண், பிறந்த தேதி, முகவரி போல ஏதாவது ஒரு விவரமும் தெரிந்தால் தேடிப் பார்க்கலாம். அதனால் கிழிந்த பாஸ்புக்கின் முதல் பக்கம்கூடப் பயன்படும்.

பணமும் கிடைக்கும். அரிசி டின்னில், பருப்பு டப்பாவின் அடியில், சுவாமி படத்துக்குப் பின்னால் என்று நம் அம்மாக்கள் சேர்த்து வைத்த பணம். அதில் 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகள் இருந்தால் பெருமூச்சு விடுவதைத் தவிர வழியில்லை. ஆனால் அவற்றை நினைவாகக் கட்டோடு வைத்துக்கொள்ளவும் கூடாது. 2017இல் வந்த சட்டப்படி 10 நோட்டுக்கு மேல் வைத்திருப்பது அபராதத்துக்குரிய குற்றம். 2000 ரூபாய் நோட்டு அப்படியில்லை. அது 2023இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டாலும், செல்லாது என்று அறிவிக்கப்படவில்லை; ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகத்தில் மாற்றிக்கொள்ள வழி உண்டு.

காகிதத்தோடு முடிக்க வேண்டிய இன்னொரு வேலை, எல்லோருடைய சம்மதம். உயில் எழுதாமல் போனவரின் சொத்தில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு உண்டு. வீட்டுக்கு யாரெல்லாம் கையெழுத்துப் போட வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் உள்ளே இருக்கும் சாமானிலும் பங்கு உண்டு. நகையைக் கிராம் கணக்கில் பிரிக்கிற குடும்பங்கள் பாத்திரத்தை ஊரில் இருக்கிறவர் பொறுப்பில் விட்டுவிடுகின்றன. மனஸ்தாபம் வருவது அங்கேதான். நகைக்காகப் பேசாமல் இருக்கும் அண்ணன் தங்கையைவிட, ஒரு வெண்கலப் பானைக்காகப் பேசாமல் இருப்பவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மொத்தமாக வியாபாரியிடம்

இதன் பெரிய வசதி, வேலை சீக்கிரம் முடியும். ஆள், வண்டி, ஏற்றுக்கூலி எல்லாம் அவர் பொறுப்பு. கிழிந்த மெத்தை, கால் உடைந்த நாற்காலி, ஓடாத கிரைண்டர் எல்லாம் அவரோடு போய்விடும். அவற்றைத் தனியாக அப்புறப்படுத்த நாம்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அவர் சொல்லும் விலை குறைவாகத் தெரிந்தாலும், அதில் அவர் செய்யும் துப்புரவு வேலையின் கூலியும் அடங்கியிருக்கிறது.

வியாபாரி வீட்டைச் சுற்றி வரும் விதத்தைக் கவனியுங்கள். கட்டிலைக் குறை சொல்வார். பீரோவைத் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் இப்ப யாரும் வாங்குறதில்லம்மா, ஏத்துக்கூலிக்கே கட்டாது" என்பார். பரணை நிமிர்ந்து பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். எதைப் பற்றிப் பேசாமல் கடந்து போகிறாரோ அதை வைத்துத்தான் அவர் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பழைய அச்சுப் படத்தின் முன்னால் கொஞ்சம் நின்றார். மரச்சட்டம், கறுப்பேறிய கண்ணாடி, உள்ளே லட்சுமி. "அந்தப் படத்துக்குத் தனியா என்ன தருவீங்கண்ணே?" என்று கேட்டேன். "தனித்தனியா பேசினா எனக்குக் கட்டாதும்மா, எல்லாத்தையும் சேர்த்தே பேசிக்கலாம்" என்றார். அந்தப் பதிலே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. படத்தைக் கழற்றி அறைக்குள் வைத்துவிட்டு மற்றதற்கு விலை பேசினோம். அவர் சொன்ன தொகை இறங்கியது. அவ்வளவு இறங்கியதை வைத்துப் படத்தின் மதிப்பை ஓரளவு ஊகித்துக்கொண்டோம்.

இதை நான் ஏமாற்று என்று சொல்லவில்லை, அவர் தொழில் அப்படி. தெரியாத பொருளை நாம் தெரியாமலே விற்றால் லாபம் அவருக்கு. அதனால் மொத்தமாகக் கொடுக்கிற வழியில் உங்களுக்குத் தேவையானது பேரம் பேசும் சாமர்த்தியத்தைவிட, முன்கூட்டியே ஒரு சுற்றுப் பார்த்து வைக்கும் பொறுமை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒருநாள் சும்மா நடந்து, பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம், பழைய படம், கடிகாரம் எல்லாம் என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தால் கண் திறக்கும். அந்தக் கடைகளில் சொல்லும் விலை உங்களுக்குக் கிடைக்காது; அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆனால் நம் வீட்டில் எது வெறும் பழசு, எது தேடி வாங்குகிற பழசு என்று பிரிக்கத் தெரிந்துவிடும்.

பேசி முடித்தபின் கவனிக்க வேண்டியவை சில. முதல் வண்டி கிளம்பும் முன் முழுப் பணமும் கைக்கு வந்துவிட வேண்டும். முதல் வண்டியில் குப்பையும் மெத்தையும் போகட்டும், நல்ல சாமான் கடைசியில் போகட்டும். தலைகீழாக விட்டால் பித்தளையோடு போனவர் மெத்தைக்குத் திரும்பி வரமாட்டார். சித்தி வீட்டில் அப்படித்தான் ஆனது. கொடுக்காத பொருள்களை வாயால் சொல்லிப் பயனில்லை, ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மின்விசிறி, மோட்டார், கதவின் பித்தளைக் கொண்டி, ஊஞ்சல் சங்கிலி எல்லாம் பேச்சில் சேர்ந்ததா இல்லையா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வகை பிரித்து விற்பது

பணம் அதிகம் கிடைப்பது இந்த வழியில்தான். ஆனால் ஊரில் ஒருவர் தங்கி இருக்க வேண்டும், அலைய வேண்டும். குடும்பத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள் என்றால் பாதியில் கைவிட்டு, கடைசியில் வியாபாரியிடமே வந்து நிற்பீர்கள்.

உலோகத்தில் நிறைய நுணுக்கம் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கும்போது எல்லாம் ஒரே நிறத்தில் கறுத்துக் கிடக்கும். கடைக்காரர் எல்லாவற்றையும் பித்தளை என்று தராசில் ஏற்றுவார். செம்பு பித்தளையைவிட விலை கூடியது. வெண்கலமும் அப்படித்தான், தட்டினால் ஓசை நீண்டு நின்று அடங்கும், பித்தளையில் சட்டென்று நின்றுவிடும். ஈயச்சொம்பை அலுமினியத்தோடு போட்டுவிடாதீர்கள். ரசத்துக்கென்று வைத்திருந்த அந்தச் சொம்பு நல்ல வெள்ளீயமாக இருந்தால் பித்தளையைப் போலப் பல மடங்கு விலை போகும். காரீயம் கலந்ததும் உண்டு என்பதால் தெரிந்த பாத்திரக்காரர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். புளி போட்டுத் தேய்த்து நிறம் பார்த்து, வீட்டிலேயே நிறுத்துக் குறித்துக்கொண்டு போவது நல்லது. இரும்புக் கைப்பிடி, ஒட்டுப் பற்று என்று கழிவு சொல்வார்கள். நம் கையில் எடைக் கணக்கு இருந்தால் கழிவும் அளவோடு நிற்கும்.

எல்லாப் பாத்திரத்தையும் எடைக்குப் போடுவது நஷ்டம். பெரிய அண்டா, உருளி, தவலை, கூஜா, அடுக்கு, வேலைப்பாடுள்ள வெற்றிலைப் பெட்டி, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு இவற்றையெல்லாம் உருக்குவதற்கு யாரும் வாங்குவதில்லை. ஹோட்டல் முகப்புக்கு, புது வீட்டு வரவேற்பறைக்கு என்று அப்படியே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இவற்றுக்கு உருப்படி விலை பேசுங்கள். இணையத்தில் படம் போட்டும் விற்கலாம். விசாரிக்கிறவர்கள் நிறையப் பேர், வந்து வாங்குகிறவர்கள் கொஞ்சப் பேர். காத்திருக்க நேரம் இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

மரச் சாமானுக்கு வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன் ஓர் ஆசாரியைக் கூப்பிடுங்கள். அரைநாள் கூலி கொடுத்தால் போதும். டெல்டா வீடுகளில் நெல் போட்டு வைத்த பத்தாயம் இருக்கும். பார்வைக்கு அது புழுதி படிந்த பெரிய பெட்டி, எலி ஓடும் இடம். ஆசாரி உளியால் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்து எது தேக்கு, எது பலா, எங்கே கரையான் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பலகையைக் கழற்றிக் கன அடிக் கணக்கில் விற்கும்போது அந்தப் பெட்டியின் மதிப்பே வேறு.

பழைய பட்டுப் புடவையையும் துணி மூட்டையோடு கொடுத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து ஜரிகையில் வெள்ளி இழை உண்டு. நைந்த புடவைக்கும் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரி பற்றி ஒரு வார்த்தை. பாத்திரம், கட்டில், பீரோ என்று நாம் புழங்கிய பொருள்களை விற்றுவரும் பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் இவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. பெரிய தொகை வரும் என்றால் ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

உறவுக்குள் பிரித்து, மிச்சத்தைக் கொடுப்பது

பணக் கணக்கில் இந்த வழி தோற்றுவிடும். ஆனாலும் மனசுக்கு நிறைவான வழி இதுதான் என்று நினைக்கிறேன். ஒழுங்கு வைத்துச் செய்தால் சண்டையும் வராது. கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள். ஒருவர் ஒரு பொருள் என்று மூத்தவரிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எடுங்கள். அடுத்த சுற்று இளையவரிலிருந்து தொடங்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் படம் அனுப்பி, இந்தத் தேதிக்குள் சொல்லவும் என்று கெடு வையுங்கள். ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டு எடுத்துப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு; எடுத்துப் போகவும் ஒரு தேதி சொல்லிவிடுங்கள்.

பழைய பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும் அல்லவா? எங்கள் வீட்டில் அதைப் பார்க்கத்தான் அதிக நேரம் ஆனது. ஒரு தூக்குவாளியின் கழுத்தில் பாட்டியின் அம்மா பெயருடைய முதல் எழுத்து புள்ளிபுள்ளியாக இருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த சீர்ப் பாத்திரங்களில் தாய்மாமன் பெயர், ஊர், வருடம் வரை வெட்டியிருந்தார்கள். ஒரு செம்பில் யாருக்கும் தெரியாத பெயர் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். எந்தக் காலத்திலோ அடகுக்கு வந்து மீட்கப்படாமலே தங்கிவிட்டது என்று அவர்தான் சொன்னார். எந்தப் பெயருக்கு யார் நெருக்கமோ அவர்களுக்கு அந்தப் பாத்திரம் என்று முடிவு செய்தோம். தாய்மாமன் மகள் தன் அப்பா பெயர் வெட்டிய அண்டாவை வாங்கிக்கொள்ள நேரில் வந்தாள். எடைக்குப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

கொடுப்பதிலும் முறை இருக்கிறது. அம்மாவை, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர், வீட்டு வேலை செய்தவர் இவர்களிடம் என்ன வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். எல்லோரும் எடுத்தபின் மிஞ்சியதைக் கையில் திணிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பெரிய அண்டாவும் ஜமக்காளமும் அன்னதானம் நடக்கும் கோயிலுக்குப் பயன்படும். கொலு பொம்மைகளை வருடா வருடம் படி கட்டுகிற வீட்டில் கொடுக்கலாம். அம்மியும் ஆட்டுக்கல்லும் எடுத்துப் போக ஆள் கிடைப்பது கஷ்டம். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் கொல்லையிலேயே விடலாம்.

ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெய் தடவாதீர்கள், துடைக்காதீர்கள், கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னையில் உ.வே.சா. நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்று கேட்க இடங்கள் இருக்கின்றன. பழைய அச்சுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை இவற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது. விளம்பரப் பலகை எழுதிவந்த கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா இப்படிப்பட்டவற்றை ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992இல் காலமானார். அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அம்மா சேர்த்து வைத்த வாரப் பத்திரிகைத் தொடர்கதை பைண்டிங் அங்கே இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சாமானோடு விற்பது

வாரிசு ஒருவர்தான், அவரும் வெளிநாட்டில் இருக்கிறார், வாங்குகிறவர் அவசரப்படுகிறார் என்றால் இதை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம். ஊர்ப்பக்கம் விலை மனைக்குத்தான். பழைய கட்டடத்துக்கே பெரிய மதிப்புப் போடமாட்டார்கள், உள்ளே இருக்கும் சாமானுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரமாட்டார்கள். செட்டிநாட்டில் பழைய வீட்டை விடுதியாக்க வாங்குகிறவர் மட்டும் சாமானுக்கும் தனி விலை பேசக்கூடும். அப்படிப்பட்டவர் கிடைத்தால் பட்டியல் போட்டு உருப்படி உருப்படியாகப் பேசுங்கள். காகிதச் சோதனையிலிருந்து இந்த வழிக்கும் விலக்கு இல்லை.

விற்கவே கூடாதவை

சுவாமி அறையில் தலைமுறையாக இருக்கும் ஐம்பொன் விக்கிரகம் 100 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால், அது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதைப் பதிவு செய்ய வேண்டும்; நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது; வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் தம்பி பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்ற யோசனையை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுங்கள். ரேழிச் சுவரில் மாட்டிய மான் கொம்பு, யானைத் தந்தத்தில் செய்த சின்னச் சாமான் இவற்றை விற்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாட்டனார் காலத்துப் பொருள் என்று சொன்னாலும் தப்ப முடியாது. வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். உரிமம் உள்ள துப்பாக்கி இருந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதுதான் முதல் வேலை.

தூணும் கதவும்

பலரும் தடுமாறும் இடம் இது. தேக்குத் தூண், வாசல் நிலை, வேலைப்பாடுள்ள கதவு, உத்தரம் இவையெல்லாம் சாமானா, வீடா? பெயர்த்து எடுத்தால் ஒழிய வராதவை வீட்டைச் சேர்ந்தவைதான். விற்பனைப் பேச்சில் வேறு மாதிரி எழுதாவிட்டால் வாங்குகிறவருக்கே போகும். விலை பேசும்போது அவர் பார்த்தது கதவோடு கூடிய வீட்டை. பதிவுக்கு முதல்நாள் கதவைக் கழற்றினால் தகராறு நிச்சயம்.

ஆகவே விலை பேசும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: குடியிருக்கப் போகிறாரா, இடித்துக் கட்டப் போகிறாரா? குடியிருக்கப் போகிறவருக்கு நிலையையும் தூணையும் விட்டுவிடுங்கள். அவற்றைப் பெயர்த்தால் சுவரும் கூரையும் சேர்ந்து நகரும். அவரும் அதற்குத் தக்க விலையைக் குறைப்பார். இடிக்கப் போகிறவர் என்றால் கதை வேறு. வீட்டை இடிக்கும் ஒப்பந்தக்காரர்கள் மரத்தை மதிப்பிட்டு, அதற்காக வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்துவிட்டு இடிக்கிறார்கள். அந்தப் பணம் நமக்கா, வாங்குகிறவருக்கா என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். கிரய உடன்படிக்கையில் "வாசற்கதவு, கூடத்துத் தூண்கள், ஊஞ்சல், பத்தாயம் ஆகியவற்றை விற்பவர் இன்ன தேதிக்குள் எடுத்துக்கொள்வார்" என்று ஒரு வரி எழுதினால் போதும். மரக்கடைக்காரரை வரவழைத்து அளந்து மதிப்புத் தெரிந்துகொண்டபின் அந்த வரியை எழுதுங்கள்.

யாருக்கு எது

எல்லோரும் வேலையில், வெளியூரில் இருக்கிறீர்கள், வீட்டில் சாதாரணச் சாமான்தான் என்றால் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். காகிதம், நகை, வெள்ளி, வெண்கலம், படங்கள், பெயர் வெட்டிய பாத்திரங்கள் இவற்றை மட்டும் முன்கூட்டி எடுத்துவிட்டால் அதில் நஷ்டம் பெரிதாக இருக்காது. அதற்கு ஒரு நீண்ட வாரக்கடைசி போதும், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால். ஊரில் ஒருவர் தங்க முடியும், பரண் நிறையப் பாத்திரமும் பத்தாயமும் இருக்கிறது என்றால் வகை பிரித்து விற்பதில் இறங்கலாம். ஆனால் தங்கி அலைகிறவருக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு அதிகம் என்று மற்றவர்கள் தாங்களாகவே முன்வந்து சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பித்தளையை வகை பிரித்து விற்றோம், பெயர் வெட்டியதை உறவுக்குள் கொடுத்தோம், மிச்சத்தை வியாபாரி கொண்டுபோனார். எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தக் கலவைதான் ஒத்துவரும்.

தள்ளிப்போடுவது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. பூட்டிய வீட்டில் கரையான் ஏறும், மழைக்கு ஓடு சரியும், பரணில் இருக்கும் பாத்திரம் ஊருக்கே தெரிந்த இரகசியமாகித் திருட்டுப் போகும். வருஷ திவசம் முடியட்டும் என்று காத்திருப்பது நியாயம். அதற்குப் பிறகும் அடுத்த லீவு, அடுத்த லீவு என்று போகவிடாதீர்கள்.

காலி செய்வதைப் பத்திரப் பதிவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். கடைசி நாளில் உடன்பிறந்தவர்களில் இரண்டு பேராவது இருந்து பரண், அலமாரியின் மேல்தட்டு, சுவர் மாடம், கொல்லைக் கொட்டகை எல்லாவற்றையும் விளக்கு அடித்துப் பாருங்கள். மின்கணக்கு மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு முடிந்து சாவி கைமாறியபின் உள்ளே ஏதோ விட்டுவிட்டோம் என்று நினைவு வந்தால், வாங்கியவரிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக முடியும்.